கோதுமையில் தொடங்கி சர்க்கரைக் கிழங்கில் முடிந்த கதை: மினசோட்டாவின் 7-வது தொகுதி

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் கிராமப்புறம் என்றாலே குடியரசுக் கட்சிதான் என்கிறார்கள். ஆரம்பத்திலிருந்தே அப்படியா, நடுவில் மாறியதா? ஏதாவது ஒரு தொகுதியை எடுத்து விளக்க முடியுமா?"

நடுவில்தான் மாறியது. அதுவும் பல முறை மாறியது. இதைப் புரிந்துகொள்ள மினசோட்டா மாநிலத்தின் 7-வது தொகுதியைப் போல வசதியான இடம் வேறு இல்லை என்பது என் எண்ணம். அங்கே 100 வருடங்களாக மக்கள் கட்சியைப் பார்த்து வாக்களித்ததை விட, விளைச்சலுக்கு என்ன விலை கிடைக்கிறது, அதை யார் வாங்கித் தருவார் என்று பார்த்து வாக்களித்ததுதான் அதிகம். அந்தக் கணக்கு 2020-ல் முடிந்துபோனது.

முதலில் இடம். மாநிலத்தின் மேற்கு விளிம்பு முழுவதும் ஏறக்குறைய இந்தத் தொகுதிதான். மேற்கே ரெட் ரிவர் ஓடுகிறது. வடக்கு நோக்கி கனடாவுக்குள் போகும் ஆறு அது. பனியுகத்தில் பெரிய ஏரியாக இருந்து வற்றிய நிலம் என்பதால் தரை மேசை மாதிரி தட்டை, மண் கறுப்பு. பெரிய ஊர் என்று சொல்ல மூர்ஹெட் ஒன்று இருக்கிறது. ஆற்றைத் தாண்டினால் வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ. மற்றபடி வில்மர், அலெக்சாண்ட்ரியா, மார்ஷல் போன்ற நடுத்தர ஊர்கள், அப்புறம் தானியக் கிடங்கும் லூத்தரன் தேவாலயமும் நிற்கும் சிற்றூர்கள். குடியேறியவர்கள் பெரும்பாலும் நார்வேக்காரர்கள், சுவீடன்காரர்கள், ஜெர்மானியர்கள். தொகுதி எல்லையையும் எண்ணையும் பல முறை மாற்றியிருக்கிறார்கள். வடமேற்குப் பகுதி 1962 வரை 9-வது தொகுதி. தென்மேற்குப் பக்கம்தான் அப்போது 7-வது. இன்றைய தொகுதி இந்த இரண்டிலிருந்தும் வந்தது என்பதால் இரண்டின் கதையையும் சேர்த்தே சொல்கிறேன்.

20-ம் நூற்றாண்டு தொடங்கும்போது இரண்டுமே குடியரசுக் கட்சியின் கையில் இருந்தன. 1903-ல் இருவர் ஒன்றாகப் பிரதிநிதிகள் சபைக்குள் நுழைந்தார்கள்: வடக்கே குரூக்ஸ்டனின் ஹல்வோர் ஸ்டீனர்சன், தெற்கே கிரானைட் ஃபால்ஸின் ஆண்ட்ரூ வோல்ஸ்டெட். இரண்டாவது பெயரை எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? அமெரிக்காவில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்திய சட்டம் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. நாடு முழுக்கச் சாராயம் விரும்பிகளின் சாபத்தை வாங்கிக்கொண்ட மனிதர்.

ஆனால் அவர் ஊரில் பிரச்சினை சாராயம் கிடையாது, கோதுமை. விவசாயி வண்டி ஓட்டிக்கொண்டு போய்த் தானியக் கிடங்கில் இறக்குவார். அங்கே இருப்பவர் ஒரு கைப்பிடி எடுத்துப் பார்த்துவிட்டு, "இது முதல் தரம் இல்லை" என்பார். தூசு, தும்பு என்று எடையிலும் கழிப்பார். கிடங்கு மினியாபொலிஸ் தானிய வியாபாரிகளுடையது, அங்கே கொண்டுபோகும் ரயிலின் கட்டணம் கம்பெனி வைத்ததுதான், விதைப்புக்கு வாங்கிய கடனின் வட்டி வங்கிக்காரர் சொன்னதுதான். 1915-ல் வடக்கு டகோட்டாவில் ஆர்தர் டவுன்லி என்ற நொடித்துப்போன விவசாயி தொடங்கிய 'கட்சி சாரா சங்கம்' இந்தக் கோபத்தை அறுவடை செய்தது. சங்கத்தின் ஆட்கள் ஃபோர்டு கார்களில் பண்ணை பண்ணையாகப் போய்ச் சந்தா வசூலித்து உறுப்பினர் சேர்த்தார்கள். தனிக் கட்சி வேண்டாம், வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் நம் ஆளை நிறுத்தி அதையே கைப்பற்றுவோம் என்பது அவர்கள் உத்தி. ஆறு தாண்டி மினசோட்டாவுக்கும் வந்தார்கள்.

1918-ல் கிளென்வுட் ஊர்ப் பல் மருத்துவர் ஹென்ரிக் ஷிப்ஸ்டெட், வோல்ஸ்டெட்டை உட்கட்சித் தேர்தலில் எதிர்த்துத் தோற்றார். 1920-ல் பென்சன் ஊர் லூத்தரன் போதகர் ஓலே குவாலே முயன்றார். இந்த முறை வோல்ஸ்டெட் உட்கட்சித் தேர்தலில் தோற்றே போனார். ஆனால் குவாலேயின் பிரசுரம் வோல்ஸ்டெட்டை நாத்திகர் என்று சொல்லியிருந்தது. வழக்குப் போட்டார்கள், நீதிமன்றம் போதகரின் வெற்றியைச் செல்லாது என்றது. பொதுத் தேர்தலில் சுயேச்சையாக நின்று போதகர் தோற்றார்.

அதற்குப் பிறகுதான் விலை சரிந்தது. முதல் உலகப் போர் முடிந்த கையோடு புஷலுக்கு (சுமார் 27 கிலோ) 2 டாலருக்கு மேல் விற்ற கோதுமை 1921-ல் 1 டாலர் அளவுக்கு இறங்கியது. 1922 தேர்தலில் மூன்றும் ஒரே அடியில் நடந்தன: போதகர் குவாலே வோல்ஸ்டெட்டை வீழ்த்தினார், வடக்கே ஹாலி ஊரின் க்னுட் வெஃபால்ட் ஸ்டீனர்சனை வீழ்த்தினார், பல் மருத்துவர் ஷிப்ஸ்டெட் மாநிலம் முழுவதும் வென்று செனட்டுக்கே போனார். உட்கட்சித் தேர்தல் உத்தியைக் கைவிட்டு, விவசாயி-தொழிலாளர் கட்சி என்று தனிக் கொடி பிடித்ததன் பலன் இது. வோல்ஸ்டெட் தோற்றது மதுவிலக்கால்தான் என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. அவரைத் தோற்கடித்த போதகர் மதுவிலக்கில் அவரை விடத் தீவிரமானவர்!

ஒரு சுவையான முரண் இருக்கிறது. தோற்ற அதே 1922-ல் வோல்ஸ்டெட் இன்னொரு சட்டத்திலும் பெயர் பதித்தார்: கேப்பர்-வோல்ஸ்டெட் சட்டம். விவசாயிகள் கூட்டாகச் சேர்ந்து விளைபொருளை விற்றால் அதை ஏகபோகக் குற்றமாகக் கருதக் கூடாது என்பது அதன் சாரம். மதுவிலக்கு 1933-ல் போய்விட்டது. கூட்டுறவுச் சட்டம் இன்னும் இருக்கிறது. பின்னால் வரப்போகும் சர்க்கரைக் கதைக்கு அஸ்திவாரம் அதுதான்.

அடுத்த 20 வருடங்களை வேகமாகக் கடக்கலாம். குவாலே 1929-ல் ஏரிக்கரை வீட்டில் தீப்பிடித்து இறந்தார். மகன் பால் குவாலே அந்த இடத்துக்கு வந்தார். வடக்கே விவசாயி-தொழிலாளர் கட்சியின் ரிச்சர்ட் பக்லர் 1935 முதல் 1943 வரை இருந்தார். அவருடைய செயலாளர் ஹரால்ட் ஹேகன் 1942-ல் அதே கட்சியில் வென்றார். 1944-ல் விவசாயி-தொழிலாளர் கட்சியும் ஜனநாயகக் கட்சியும் இணைந்தன. இன்றும் மினசோட்டாவில் ஜனநாயகக் கட்சியின் முழுப் பெயர் 'ஜனநாயக-விவசாயி-தொழிலாளர் கட்சி'தான்; சுருக்கமாக டி.எஃப்.எல். ஹேகன் என்ன செய்தார்? இணைப்போடு போகாமல் குடியரசுக் கட்சிக்குத் தாவினார். மக்கள் அவரையே திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள். கட்சிப் பெயர் அங்கே எவ்வளவு லேசான விஷயம் என்பதற்கு இதை விட நல்ல சாட்சி கிடைக்காது.

அவரை 1954-ல் வீழ்த்தியவர் கோயா க்னுட்சன். இந்தத் தொகுதியின் கதையில் நான் கொஞ்சம் நின்று பேச விரும்பும் ஆள் இவர். நார்வே வழிப் பண்ணைக் குடும்பத்துப் பெண், மூர்ஹெட்டில் கான்கார்டியா கல்லூரியில் படித்தவர், பள்ளி ஆசிரியை. ஓக்லீ என்ற சின்ன ஊரில் கணவர் ஆண்டியோடு சேர்ந்து விடுதி நடத்தியவர். கட்சி வேறொருவரை ஆதரித்தபோதும் உட்கட்சித் தேர்தலில் நின்று வென்றார். காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். அக்கார்டியன் வாசித்தார், பாடினார், பால் விலையைப் பற்றிப் பேசினார். மினசோட்டாவிலிருந்து பிரதிநிதிகள் சபைக்குப் போன முதல் பெண் அவர்.

வாஷிங்டன் போனதும் அவர் கேட்டது வேளாண் குழுவில் இடம். குழுத் தலைவருக்கு ஒரு பெண் வருவது பிடிக்கவில்லை. ஆனாலும் இடம் கிடைத்தது. அந்தக் குழுவில் உட்கார்ந்த முதல் பெண்ணும் அவரே. கல்லூரி மாணவர்களுக்கு மத்திய அரசு கடன் தர வேண்டும் என்று விடாமல் வலியுறுத்தினார். 1958-ல் வந்த தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தில் அது இடம்பெற்றது.

சொந்தக் கட்சித் தலைவர்களோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. 1956-ல் அதிபர் வேட்பாளருக்கான உட்கட்சித் தேர்தலில் ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரி உள்ளிட்ட மாநிலத் தலைமை அட்லாய் ஸ்டீவன்சன் பக்கம் நிற்க, கோயா எஸ்டெஸ் கெஃபாவர் பக்கம் நின்றார். கெஃபாவர் மினசோட்டாவில் வென்றும் விட்டார். தலைவர்கள் அதை மறக்கவில்லை.

1958 மே மாதம், மறுபடி வேட்பாளர் ஆகும் நேரம். ஆண்டி கையெழுத்திட்ட கடிதம் ஒன்று செய்தித்தாள்களுக்குப் போனது. அரசியலை விட்டுவிட்டு வீட்டுக்கு வா, பழைய மாதிரி குடும்பமாக வாழலாம் என்ற உருக்கமான கடிதம். 'கோயா, வீட்டுக்கு வா' என்று நாடு முழுவதும் தலைப்புச் செய்தியானது. அவருடைய ஆண் உதவியாளரைப் பற்றிய கிசுகிசுவும் கூடவே கிளம்பியது. அந்தக் கடிதத்துக்குப் பின்னால் அவரை விரும்பாத சொந்தக் கட்சிக்காரர்கள் இருந்தார்கள். ஆண்டி குடிகாரர், மனைவியை அடிப்பவர் என்பது அப்போது வெளியே வரவில்லை. கோயாவும் அதை மேடையில் சொல்லவில்லை. எதிரே நின்ற குடியரசுக் கட்சி வேட்பாளர் ஆடின் லாங்கன் நல்ல உயரமானவர். அவருடைய முழக்கம்: 'ஆண்மகனுக்கான வேலைக்கு ஓர் ஆஜானுபாகு'.

1,390 வாக்குகளில் கோயா தோற்றார். அந்த வருடம் நாடு முழுக்க ஜனநாயகக் கட்சிக்குப் பேரலை. சபையில் சுமார் 50 இடங்கள் கூடுதலாகக் கிடைத்தன. பதவியில் இருந்த ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களில் குடியரசுக் கட்சியிடம் தோற்றவர் இவர் ஒருவர்தான். சபையின் விசாரணைக் குழு, கடிதம் தோல்விக்குக் காரணங்களில் ஒன்று என்றது. லாங்கனுக்கு அதில் பங்கு இருந்ததாக நிரூபணம் இல்லை என்றும் சொன்னது. 1960-ல் மறுபடி நின்று தோற்றார், 1962-ல் விவாகரத்துப் பெற்றார். மினசோட்டாவிலிருந்து அடுத்த பெண் பிரதிநிதிகள் சபைக்குப் போக 2001 வரை ஆனது.

லாங்கனை 1970-ல் ரோசோ ஊர் விவசாயி பாப் பெர்க்லண்ட் தோற்கடித்தார். இவர் டி.எஃப்.எல். நன்றாக வேர்விட்டார், 1977-ல் ஜிம்மி கார்ட்டர் அவரை விவசாய அமைச்சராக்கினார். தொகுதிக்குப் பெருமைதான். ஆனால் இடைத்தேர்தல் வந்ததும் குடியரசுக் கட்சியின் ஆர்லன் ஸ்டேஞ்ச்லண்டைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

இதற்கிடையில் நிலத்தில் பெரிய மாற்றம் ஒன்று நடந்தது. 1973-ல் ரெட் ரிவர் பள்ளத்தாக்கின் சர்க்கரைக் கிழங்கு (சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் வகை, சர்க்கரைவள்ளி இல்லை) விவசாயிகள் சேர்ந்து, தாங்கள் கிழங்கு போட்டுவந்த அமெரிக்கன் கிரிஸ்டல் ஷுகர் கம்பெனியையே விலைக்கு வாங்கிக் கூட்டுறவாக்கினார்கள். அக்டோபரில் போய்ப் பார்க்க வேண்டும். சில நாட்களில் முழு அறுவடையும் முடிய வேண்டும் என்பதால் லாரிகள் இரவு பகலாக ஓடும். ஆலைக்குப் பக்கத்திலேயே கிழங்கைக் குன்று குன்றாகக் குவித்துவிடுவார்கள், திறந்த வெளியில். கிடங்கே தேவையில்லை, மினசோட்டாக் குளிர்தான் கிடங்கு. குவியலுக்குள் காற்றை ஊதி உறைய வைத்துவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. ஆலை குளிர்காலம் தாண்டியும் அரைத்துக்கொண்டே இருக்கும்.

இந்தத் தொழில் முழுக்க வாஷிங்டனில் எழுதப்படும் சட்டத்தில் நிற்கிறது. சர்க்கரையை அடமானமாக வைத்து ஆலைகளுக்கு அரசு கடன் கொடுக்கும். சந்தை விலை அந்தக் கடன் விகிதத்துக்குக் கீழே போனால், சர்க்கரையை அரசிடமே விட்டுவிட்டுப் போய்விடலாம். அப்படி நடக்காமலிருக்க, வெளிநாட்டுச் சர்க்கரை இவ்வளவுதான் வரலாம், உள்நாட்டில் இவ்வளவுதான் விற்கலாம் என்று அளவு வைத்து விலையைத் தூக்கிப் பிடிப்பார்கள். உலகச் சந்தையை விட அமெரிக்காவில் சர்க்கரை விலை அதிகமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். மிட்டாய்க் கம்பெனிகள் இதை ஒழிக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஆகவே, இந்தத் தொகுதிக்குச் சபையில் ஒரு காவல்காரர் வேண்டும். கொள்கையை விடக் குழுவில் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது முக்கியம்.

அந்தக் காவல்காரர் காலின் பீட்டர்சன். டெட்ராய்ட் லேக்ஸ் ஊர்க் கணக்காளர், டி.எஃப்.எல். 1986-ல் ஸ்டேஞ்ச்லண்டிடம் வெறும் 121 வாக்குகளில் தோற்றார். 1990-ல், ஸ்டேஞ்ச்லண்ட் சபைக் கணக்கில் ஒரு பெண்ணுக்கு நூற்றுக்கணக்கான தொலைபேசி அழைப்புகள் செய்திருக்கிறார் என்ற செய்தி வெளியாக, பீட்டர்சன் வென்றார். அப்புறம் 30 வருடங்கள் அவரை அசைக்க முடியவில்லை.

மனிதர் தனி ரகம். துப்பாக்கி உரிமைக்கு ஆதரவு, கருக்கலைப்புக்கு எதிர்ப்பு, 2010-ல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்கு எதிராக வாக்கு. சர்க்கரை இறக்குமதிக்குக் கதவு திறக்கும் மத்திய அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்தை 2005-ல் கடுமையாக எதிர்த்தார். சொந்தமாகச் சின்ன விமானம் ஓட்டித் தொகுதியைச் சுற்றினார். கிடார் வாசித்தார், நாடாளுமன்ற உறுப்பினர்களைச் சேர்த்து 'செகண்ட் அமெண்ட்மென்ட்ஸ்' என்று ஒரு இசைக்குழுவே வைத்திருந்தார்.

1998-ல் அவர் செய்தது இன்னும் வேடிக்கை. பழைய வரைபடப் பிழையால் கனடாவுக்குள் துருத்திக்கொண்டு நிற்கும் ஒரு துண்டு நிலம் மினசோட்டாவுக்கு உண்டு. சாலை வழியாகப் போக வேண்டுமென்றால் கனடா வழியாகத்தான் போக முடியும். அதை ஒட்டிய ஏரியின் கனடாப் பக்கம் பிடித்த மீனை அமெரிக்கப் பக்கம் தங்குபவர்கள் எடுத்துப்போகக் கூடாது என்று ஒன்டாரியோ மாகாணம் விதி போட்டது. அங்கே விடுதி வைத்திருந்தவர்கள் பிழைப்பு போனது. பீட்டர்சன், அந்த மக்கள் விரும்பினால் அமெரிக்காவை விட்டுக் கனடாவோடு சேரலாம் என்று வாக்கெடுப்பு நடத்த அரசியல் சாசனத் திருத்தத்தையே கொண்டுவந்தார். நிறைவேறவா கொண்டுவந்தார்? கவனத்தை இழுக்கத்தான். வேலை நடந்தது, மீன் தகராறு பேசித் தீர்க்கப்பட்டது.

2007-ல் வேளாண் குழுத் தலைவரானார். 2008 விவசாயச் சட்டத்தை புஷ் நிராகரித்தபோது இரு கட்சியினரையும் சேர்த்து அந்த நிராகரிப்பை முறியடித்தார்கள். அச்சுக்குப் போனபோது ஒரு பகுதி விட்டுப்போயிருந்ததால் மறுபடி முழுச் சட்டத்தையும் நிறைவேற்றி, மறுபடி நிராகரிக்கப்பட்டு, மறுபடி முறியடிக்க வேண்டியதாயிற்று. சர்க்கரைக்குப் பாதுகாப்பு அதில் இன்னும் இறுகியது.

அப்படிப்பட்டவர் எப்படித் தோற்றார்? கீழே மண் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. அதிபர் தேர்தலில் 2008-ல் தொகுதி குடியரசுக் கட்சியின் மெக்கெய்னுக்கு 3 சதவீதப் புள்ளி முன்னிலை கொடுத்தது. 2012-ல் அதே கட்சியின் ராம்னிக்கு சுமார் 10 புள்ளி. 2016-ல் டிரம்புக்கு சுமார் 31. போதகர் குவாலேயின் பென்சன் இருக்கும் ஸ்விஃப்ட் கவுண்டி (மாவட்டம் மாதிரி) ஒபாமாவுக்கு இரண்டு முறை வாக்களித்த இடம். 2016-ல் அதுவும் டிரம்பிடம் போய்விட்டது. அதே நாளில் அதே மக்கள் பீட்டர்சனையும் 5 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தார்கள். டிரம்புக்கும் பீட்டர்சனுக்கும் சேர்த்து வாக்களித்தவர்கள் பல்லாயிரம் பேர் இருந்திருக்க வேண்டும்.

விவசாயி-தொழிலாளர் என்ற பழைய ஒட்டு விட்டுப்போனதையும் இங்கே சொல்ல வேண்டும். 2011 ஆகஸ்டில் அமெரிக்கன் கிரிஸ்டல், ஒப்பந்தத்தை நிராகரித்த சுமார் 1,300 தொழிலாளர்களுக்குக் கதவடைப்புச் செய்தது. 2013 வரை அது நீடித்தது. முதலாளி யார்? கிழங்கு போடும் விவசாயிகளேதான். ஒரு காலத்தில் ஒரே கட்சிப் பெயரில் சேர்ந்திருந்த இருவரும் ஆலை வாசலின் இரு பக்கம். டி.எஃப்.எல். உறுப்பினருக்கு இதை விடச் சங்கடமான இடம் இல்லை. இது ஒன்றே தோல்விக்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். கருக்கலைப்பு, துப்பாக்கி, குடியேற்றம், கேபிள் தொலைக்காட்சி என்று நாடு தழுவிய சண்டைகள்தான் பெரிய காரணம். உள்ளூர்ச் செய்தித்தாளில் பால் விலை படித்துக்கொண்டிருந்தவர்கள் இரவில் வாஷிங்டன் சண்டையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அங்கே பீட்டர்சன் தனி ஆளாகத் தெரியவில்லை, சபாநாயகர் நான்சி பெலோசி கட்சியின் ஓர் இடமாகத் தெரிந்தார்.

2019 டிசம்பரில் டிரம்ப் மீதான பதவி நீக்கத் தீர்மானத்தின் இரண்டு குற்றச்சாட்டுகளுக்கும் எதிராக வாக்களித்த ஜனநாயகக் கட்சிக்காரர்கள் இரண்டே பேர். ஒருவர் உடனே குடியரசுக் கட்சிக்குத் தாவினார். இன்னொருவர் பீட்டர்சன், தாவவில்லை. 2020-ல் மீண்டும் வேளாண் குழுத் தலைவர், கிழங்குக் கூட்டுறவுகளின் பணமும் அவர் பக்கம். எதிரே மிஷல் ஃபிஷ்பாக், மாநில செனட்டின் முன்னாள் தலைவர், 2018-ல் துணை ஆளுநராகவும் இருந்தவர். முடிவு: ஃபிஷ்பாக் 53 சதவீதம், பீட்டர்சன் 40. முந்தைய தேர்தலில் வென்றவருக்கு 13 புள்ளித் தோல்வி. சொந்தக் கட்சியின் அதிபர் வேட்பாளர் பைடனுக்குக் கிடைக்காத வாக்குகள் சிலவற்றை அவர் அப்போதும் வாங்கினார், அது போதவில்லை.

ஃபிஷ்பாக் முதல் தவணையில் வேளாண் குழுவில் இருந்தார். 2023-ல் வரி விவகாரங்களைக் கவனிக்கும் குழுவுக்கு மாறினார். அது செல்வாக்குள்ள குழு, அதில் இருப்பவர் பொதுவாக வேளாண் குழுவில் இருக்க முடியாது. அவர் விட்டுப்போன வேளாண் குழு இருக்கைதான் 1955-ல் கோயா போராடி வாங்கியது. 2024-ல் உட்கட்சித் தேர்தலில் அவருக்கு எதிர்ப்பு வந்தது, இன்னும் வலப்பக்கத்திலிருந்து. நவம்பரில் சுமார் 70 சதவீத வாக்கோடு வென்றார்.